தொய்வுதான் வலை: முயல் பிடிக்கும் நீள்வலைக் கருவிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதன்முதலாக நீள்வலை விரித்த இரவில் என் மேல்சட்டையின் மூன்றாவது பொத்தான்தான் வலையில் மாட்டியது. அதை எடுக்கக் குனிந்தபோது கைக்கடிகாரம் மாட்டியது. கடிகாரத்தை விடுவித்தபோது காலணிக் கொக்கி. ஐம்பது கெஜ வலையில் பாதியை உடம்பில் சுற்றிக்கொண்டு, நிலவில்லாத வயலில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தன்னுடைய பொத்தானில்லாத பழைய மேலங்கியை மட்டும் விரலால் தட்டிக் காட்டினார்.

இது நடந்தது கிழக்கு இங்கிலாந்தின் பிரெக்லாண்ட் பகுதியில். மணற்பாங்கான, மழை குறைந்த அந்த மண் குழி தோண்டும் முயலுக்கென்றே அமைந்தது போன்றது. நார்மானியர் கொண்டுவந்த முயல்களை இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் இங்கே பரந்த மேடுகளில் வளர்த்தார்கள். திருடர்களிடமிருந்து அவற்றைக் காக்கத் தெட்ஃபோர்டில் 1400 வாக்கில் கட்டிய கல்வீடு இன்றும் நிற்கிறது. ஒரு காலத்தில் காவல் வைத்துக் காத்த பிராணியை இன்று உழவர்கள் பயிரழிக்கும் பகையாகப் பார்க்கிறார்கள். 1954ஆம் ஆண்டின் தீங்குயிர்ச் சட்டப்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான நிலங்களில் முயலைக் கட்டுக்குள் வைப்பது நிலத்தை அனுபவிப்பவரின் கடமை. துப்பாக்கிச் சத்தம் வேண்டாம், நஞ்சு வேண்டாம் என்று நினைக்கும் உழவர் நீள்வலைக்காரரைக் கூப்பிடுகிறார்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் காட்டில் ஓடுவது குழிமுயல் அல்ல. புல்மறைவில் படுத்திருக்கும் காட்டுமுயல். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பது குற்றம். எனவே இந்த வழிகாட்டி அங்கே பயன்படுத்துவதற்கானதன்று. ஆனால் கருவி நமக்குப் புதியதன்று. வேலியோரம் வலைகளைத் தொடராக மாட்டி, நாய்களோடு புதரைக் கலைத்து, நெடுஞ்செவிக் குறுமுயலைத் தப்பவிடாமல் வளைக்கும் காட்சி பெரும்பாணாற்றுப்படையில் வருகிறது. அதைத் ‘தொடர்வலை’ என்கிறது பாட்டு. பெரியவரிடம் இதைச் சொன்னபோது, ஈராயிரம் ஆண்டுப் பழமைக்காக அவர் வியக்கவில்லை. “நாய்களைக் கட்டிப் பிடித்திருந்தார்களா?” என்றுதான் கேட்டார்.

நீள்வலை செய்யும் வேலை என்ன?

முயல் பிடிக்க இரண்டு வகை வலைகள் உண்டு. ஒன்று பைவலை: ஒரு குழிவாய்க்கு ஒன்றாகப் பொத்திவைத்து, கீரியைப் போல் நீண்ட உடலுள்ள, பழக்கி வளர்த்த ஃபெரெட் என்ற பிராணியை உள்ளே விட்டால், வெளியே பாயும் முயல் அதில் சுருண்டுகொள்ளும். மற்றொன்று நீள்வலை. இது எந்தக் குழியையும் பொத்துவதில்லை. இரவில் முயல்கள் குழியை விட்டு வயலின் நடுவுக்கு மேயப் போயிருக்கும்போது, அவற்றுக்கும் வீட்டுக்கும் இடையில் நூறு கெஜத்துக்குச் சத்தமில்லாமல் ஒரு சுவர் எழுப்புவது. பிறகு வயலின் மறுகோடியிலிருந்து ஒருவர் நடந்து வந்தால், முயல்கள் தாமே வீடு திரும்பும் வழியில் வந்து விழும்.

சுவர் என்ற சொல்லைத் தெரிந்தேதான் தவறாகச் சொன்னேன். புதியவர்கள் எல்லோரும் அதைச் சுவராகத்தான் நினைக்கிறார்கள்; இழுத்துக் கட்டுகிறார்கள். முயல் ஓடிவந்து மோதித் துள்ளி விழுந்து, பக்கவாட்டில் ஓடிவிடுகிறது. நீள்வலை நிற்கும் வலையன்று, தொங்கும் வலை. வலையின் எந்தப் பகுதியை வாங்கும்போதும் செய்யும்போதும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது தொய்வைக் கொடுக்கிறதா, கெடுக்கிறதா?

முதல் படி: அனுமதி

கருவிக்கு முன்னால் தாள். நில உரிமையாளரோ குத்தகைதாரரோ எழுதிக் கையெழுத்திட்ட அனுமதி சட்டைப்பையில் இருக்க வேண்டும். 1880ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தில் பயிர்செய்பவருக்கு முயலைப் பிடிக்கும் உரிமையைத் தருகிறது. அவர் எழுத்தில் அனுமதித்தவருக்கும் அது செல்லும். அனுமதி இல்லாமல் இரவில் வலையோடு நின்றால், 1828ஆம் ஆண்டின் இரவுத் திருட்டு வேட்டைச் சட்டம் இன்னும் உயிரோடு இருப்பது தெரியவரும். அந்தச் சட்டத்தில் இரவு என்பது சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கி, உதிக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது முடிகிறது. பொதுச் சாலையில் வலையோடு போகிறவரை நிறுத்திச் சோதிக்கும் அதிகாரம் 1862 முதலே காவல்துறைக்கு இருக்கிறது. போகும் நாளன்று உழவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அக்கம்பக்கத்தில் வெளிச்சம் பார்த்து யாரேனும் பதறினால் அவர் பதில் சொல்வார்.

இரண்டாம் படி: வலையைத் தேர்ந்தெடுத்தல்

நீளம். 25, 50, 100 கெஜங்களில் விற்கிறார்கள். நூறு கெஜ வலையைப் பார்த்ததும் ஆசை வரும். வேண்டாம். முதல் பருவத்துக்கு 25 கெஜம் ஒன்று போதும்; கை பழகிய பிறகு 50. இரண்டு ஐம்பதுகளைத் தொடராக மாட்டுவது ஒரு நூறைச் சுமப்பதை விட எளிது. சிக்கு விழுந்தாலும் பாதி வலை பிழைக்கும்.

கண். ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுக்கு 2 முதல் இரண்டரை அங்குலம். முயலின் தலை நுழைய வேண்டும், தோள் நின்றுவிட வேண்டும். கண் சிறியதானால் தலையே நுழையாது, முயல் துள்ளிவிடும். பெரியதானால் உடலே நழுவிப் போய்விடும்.

இனித் தொய்வு. கடைக்காரர் ‘50 கெஜ வலை’ என்று விற்பது, நிறுத்தியபின் 50 கெஜம் வரும் வலை. அதற்குள் கோத்திருக்கும் வலைத்துணி குறைந்தது 75 கெஜமாவது இருக்க வேண்டும். அந்தக் கூடுதல் பங்கை ஆங்கிலேய வலைக்காரர்கள் ‘கில்’ என்கிறார்கள். கொல்வது கயிறும் கம்பும் அல்ல, அதுதான் என்பது பெயரிலேயே இருக்கிறது. உயரத்திலும் இதே கணக்கு. 12 முதல் 14 கண்கள் ஆழம் உள்ள துணியை நீட்டிப் பிடித்தால் 4 அடிக்கு மேல் வரும். நாம் நிறுத்துவதோ 2 அடிக்குள். ஆக, நீளத்தில் ஒரு தொய்வு, உயரத்தில் ஒரு தொய்வு. இரண்டும் சேர்ந்துதான் ஓடிவரும் முயலைச் சுற்றிப் பையாக மாறுகின்றன. வாங்கும்போது விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: “இந்த ஐம்பதுக்குள் எத்தனை கெஜத் துணி?” பதில் தெரியாமல் விழிப்பவரிடம் வாங்காதீர்கள்.

நூல். மூன்று வகைகள் புழங்குகின்றன. பழையது ஹெம்ப்: கஞ்சாச் செடியின் தண்டு நாரைத் திரித்தது. கனமாக, சொன்ன பேச்சுக் கேட்டுத் தொங்கும்; காற்றில் அலையாது; சிக்கும் குறைவு. ஆனால் நனைந்தபடி மடித்து வைத்தால் ஒரே பருவத்தில் மக்கும், எலிக்கும் பிடிக்கும். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் மீனவர்கள் இத்தகைய நார் வலைகளையும் பாய்களையும் மக்காமலிருக்கக் காசுக்கட்டி நீரில் தோய்த்தெடுத்தார்கள். வெற்றிலை போடும் தாத்தாவின் பெட்டியில் இருந்த அதே காசுக்கட்டிதான். பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. இரண்டாவது நைலான்: இலேசு, மலிவு, மக்காது. குறை என்னவென்றால், சருகு, முள், பொத்தான், எதைக் கண்டாலும் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது பஞ்சுபோல் நூற்ற பாலியெஸ்டர். கையில் நார்நூல் போல் இருக்கும், மக்கவும் மக்காது. பழகுபவர் இதில் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஒற்றை இழைத் தூண்டில் நரம்பில் பின்னிய வலையைத் தொடாதீர்கள். அது பிராணியின் தோலை அறுக்கும்.

நிறத்தைப் பற்றிச் சண்டையே போடுவார்கள். இருட்டில் விரிக்கும் வலைக்கு நிறம் ஒரு பொருட்டன்று. தரையில் கிடப்பது உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

மூன்றாம் படி: கயிறு, கம்பு, முளை

வலைத்துணியின் மேல் வரிசைக் கண்கள் வழியாக ஒரு கயிறும், கீழ் வரிசைக் கண்கள் வழியாக ஒரு கயிறும் ஓடும். துணி இவ்விரு கயிறுகளில் திரைச்சீலை போல வழுக்கி நகர வேண்டும். மேல்கயிறு முறுக்கேறாததாக, பின்னிய வகையாக இருக்கட்டும். முறுக்குக் கயிறு நனைந்ததும் தானே சுருண்டு வலையையும் சுருட்டும்.

இரண்டு முனைகளிலும் ஓர் அடி முதல் ஒன்றரை அடி நீளத்துக்கு இரும்பு முளை. தலையில் வளையம் இருக்க வேண்டும். கயிறுகள் இரண்டும் அதில்தான் முடிகின்றன. முளை புதைந்து நின்றால்தான் மேல்கயிறு விறைப்பாக நிற்கும். கயிறு விறைப்பு, துணி தொய்வு: இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கம்பு எனக்குப் பிடித்த பகுதி. காசு கொடுத்து ஃபைபர் கம்பிகள் வாங்கலாம். அவற்றில் குறையும் இல்லை. ஆனால் குளிர்காலத்தில், இலை உதிர்ந்து சாறு இறங்கிய பின், வேலியோரத்து ஹேசல் செடியில் நேரான குச்சிகளை வெட்டிக்கொண்டால் செலவே இல்லை. சுண்டுவிரல் பருமனுக்குச் சற்றுக் கூடுதல். இரண்டரை அடி நீளம். தடித்த முனையைக் கூராகச் சீவி, கட்டாகக் கட்டி, கொட்டகையில் சில மாதம் நிழலில் காயவிடுங்கள். பச்சைக் கம்பு வளையும். என் முதல் கட்டு முழுவதும் வில்லாகப் போனது. அவை இப்போது அவரைக் கொடிக்குப் பந்தல் கால்கள். கம்பின் உச்சியில் மேல்கயிறு நழுவாமலிருக்கச் சிலர் சிறிய வெட்டுப் போடுகிறார்கள். நான் போடுவதில்லை; அவசரத்தில் வலைக்கண் அதில்தான் போய் மாட்டுகிறது.

ஏறத்தாழ 5 கெஜத்துக்கு ஒரு கம்பு. ஐம்பது கெஜத்துக்குப் பத்துப் பன்னிரண்டு, கூடவே உடைந்தால் மாற்ற இரண்டு மூன்று. மேடுபள்ளமான நிலத்தில் நெருக்கமாக ஊன்ற வேண்டும். இல்லையென்றால் பள்ளத்தில் அடிக்கயிறு அந்தரத்தில் தொங்கும், முயல் குனிந்து போய்விடும்.

நான்காம் படி: தோளில் இருப்பதும் உடம்பில் இருப்பதும்

வலையைச் சுமக்க அகலமான வாயுள்ள பை அல்லது வாளி. கம்புகளுக்கு அம்பறாத்தூணி போன்ற ஒரு நீளப் பை, இடது தோளில். பொத்தான், கொக்கி, ஜிப், மோதிரம், கடிகாரம் எதுவும் முன்பக்கத்தில் வேண்டாம். சிவப்பு ஒளி தரும் தலைவிளக்கு ஒன்று, அவசரத்துக்கு மட்டும். மடக்குக் கத்தி ஒன்று: வலையில் தவறான பிராணி மாட்டி முறுக்கிக்கொண்டால் வலையை வெட்டத் தயங்கக் கூடாது. வலை ஊசியும் கொஞ்சம் நூலும் வீட்டில் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: புல்தரையில் பகலில் பயிற்சி

இதைத் தாண்டிப் போக நினைப்பவர்கள்தான் என்னைப் போல வயலில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வாரம், தினமும் அரைமணி நேரம், பகலில் விரித்துச் சுருட்டுங்கள்.

முனை முளையைத் தரையில் அழுத்தி ஊன்றுங்கள். வலைப்பையை இடக்கையில் பிடித்துப் பின்னோக்கி நடக்க, துணி தானே வழிந்து விழ வேண்டும். விழாமல் குத்தாக வந்தால், சுருட்டும்போதே தவறு நடந்திருக்கிறது. மேலே போகாமல் திரும்பச் சுருட்டுங்கள். மறுமுனை வந்ததும் முளையைப் பிடித்து, மேல்கயிறு வீணைத் தந்தி போல் ஆகும்வரை இழுத்து ஊன்றுங்கள்.

இப்போது கம்புகள். நான் கற்ற முறை இது: அடிக்கயிற்றைக் கம்பின் கீழ்ப்பகுதியில் ஒரு சுற்றுச் சுற்றி, கம்பை மண்ணில் அரைச்சாண் இறக்கி, பிறகு மேல்கயிற்றை உச்சியில் ஒரு சுற்று. அந்தச் சுற்றுக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு காரியத்தைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். துணி முழுவதும் காற்றடிக்கும் பக்கம் நகர்ந்து குவிந்திருக்கும். ஒவ்வொரு கம்பை ஊன்றும்போதும் முந்தைய கம்புக்கும் இதற்கும் இடையில் ஒரு பங்கு தொய்வைக் கையால் வாரி இழுத்துவிட்டு, அதன் பிறகே சுற்றுப் போட வேண்டும். சுற்றுத்தான் தொய்வைப் பூட்டும் பூட்டு. இல்லையென்றால் பத்துக் கம்புகளில் மூன்றின் இடையே மலைபோல் துணி கிடக்கும். மிச்ச ஏழில் கம்பிவேலி.

சரியாக வந்ததா என்று பார்க்க எனக்குப் பெரியவர் கொடுத்த சோதனை: ஒன்றரைக் கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி, பத்தடி தூரத்திலிருந்து தரையோடு தரையாக வலைமீது வீசுங்கள். வளர்ந்த முயலின் எடையும் ஏறத்தாழ அவ்வளவுதான். பை மோதித் திரும்பி வந்தால் தொய்வு போதாது. வலைக்குள் புகுந்து, துணி அதன்மேல் மடிந்து விழுந்து, இரண்டு பக்கக் கம்புகளும் ஒரு சிறு தலையாட்டல் ஆடினால் வலை சரி. அடியில் புகுந்து போனால் அடிக்கயிறு தூக்கியிருக்கிறது. துணியின் ஒரு சாண் அளவாவது தரையில் புரள வேண்டும்.

சுருட்டுவது விரிப்பதை விட முக்கியம். கம்புகளைப் பிடுங்கி, இரண்டு கயிறுகளையும் ஒரே கையில் சேர்த்து, முளையின் மேல் எட்டு வடிவில் மாறி மாறிப் போட்டுக்கொண்டே வாருங்கள். வழியில் ஒட்டிய சருகை அப்போதே எடுங்கள். கடைசியில் சுருட்டிய முனைதான் அடுத்த முறை முதலில் வெளியே வரும். அந்த முனையில் ஒரு வெள்ளைத் துணி நாடா கட்டிவைப்பது என் பழக்கம். எந்த முனை என்று இருட்டில் தேடுவது நரகம்.

ஆறாம் படி: முதல் இரவு

காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை. வயலில் உயரப் புல் இருக்காது. குட்டி ஈனும் காலம் பெரும்பாலும் அதன் பின்தான் வேகமெடுக்கிறது. குழிக்குள் பால் குடிக்கும் குட்டிகளை விட்டுத் தாயைப் பிடிப்பது கொடுமை. நிலவில்லாத, காற்றடிக்கும் இரவு நல்லது. காற்று உங்கள் சத்தத்தை விழுங்கும். அதைவிட முக்கியம் அது வீசும் திசை. முயல்கள் மேயும் வயலிலிருந்து வலை நிற்கும் வேலியை நோக்கி வீச வேண்டும். எதிர்த்திசையில் வீசினால் உங்கள் வாசனை உங்களுக்கு முன்னே போய் முயல்களை எழுப்பிவிடும். அன்று வீடு திரும்புவதே புத்தி.

பகலிலேயே நிலத்தை நடந்து பாருங்கள். முயல்கள் தினமும் ஓடும் தடங்கள் புல்லில் கோடாகத் தெரியும். மாட்டுக் கம்பிவேலி, முட்புதர், பேட்ஜர் எனப்படும் வளைத்தோண்டிக் கரடியின் (பெயரில்தான் கரடி) வழித்தடம் இருக்குமிடங்களைத் தவிருங்கள். வளைத்தோண்டிக் கரடி சட்டப் பாதுகாப்பு உள்ள பிராணி. மாட்டினால் வலையும் மிஞ்சாது.

குழிகள் உள்ள வேலிக்குச் சில கெஜம் முன்னே, வேலியை ஒட்டியே நடந்து வலையை நிறுத்துங்கள். நண்பர் தொலைவாகச் சுற்றிப் போய் வயலின் மறுபக்கத்திலிருந்து காற்றோடு மெதுவாக நடந்து வரட்டும். கூச்சல் வேண்டாம், பையில் ஒரு தீப்பெட்டியைக் குலுக்கினாலே போதும். நீங்கள் வலையின் ஓரத்தில் மண்டியிட்டு, மேல்கயிற்றின்மேல் இரண்டு விரல் வைத்திருங்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாது. முதலில் புல்லில் ஒரு தடதடப்பு. பிறகு மீன் தூண்டிலைக் கடித்தது போலக் கயிற்றில் ஒரு சுண்டல். அந்தக் கயிற்றையே பிடித்துக்கொண்டு நடந்தால் முயலிடம் போய்ச் சேர்வீர்கள்.

பிடிபட்ட பிராணியை ஒரு கணமும் வதைக்கக் கூடாது என்பது சட்டமும் ஆகும். விரைவாகக் கழுத்தெலும்பை விலக்கிக் கொல்வதைக் கைதேர்ந்த ஒருவர் அருகிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டும். எழுத்தில் படித்துச் செய்யும் வேலையன்று. அது கைவரும்வரை வலையின் மறுமுனையில் அவர் இருக்கட்டும். வலையை விரித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வரும் ஆட்கள் உண்டு. முள்ளெலி இரவு முழுவதும் அதில் முறுக்கிக் கிடக்கும். விரித்த வலையை விட்டு அகலாதீர்கள்.

வீடு வந்த பின்

எவ்வளவு களைத்திருந்தாலும் ஈர வலையைப் பையோடு வைக்காதீர்கள். கொட்டகையில் இரண்டு ஆணிகளுக்கு இடையே தொங்கவிட்டு உலர்த்தி, மறுநாள் பகல் வெளிச்சத்தில் கிழிந்த கண்களை ஊசியால் பின்னுங்கள். ஒரு கண் கிழிந்தால் மூன்று கண் அகலத்துக்கு வழி. அப்போதே முள்ளையும் சருகையும் பொறுக்கிவிடலாம். நைலானில் மாட்டிய நெருஞ்சி போன்ற ஒட்டுமுள்ளை ஈரத்தோடு இழுத்தால் நூல் பிய்யும். காய்ந்த பிறகு விரலால் நொறுக்கினால் தூளாக உதிரும். பிறகு எட்டு வடிவில் மடித்து, வெள்ளை நாடா மேலே தெரியும்படி, எலி ஏறாத உத்தரத்து ஆணியில் மாட்டுங்கள்.